மஞ்சள் காமாலை வந்த மீன்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை.

பதறாதீர்கள். என் மனைவி மல்லிகா நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன். காமாலை வந்தது மீனுக்கு.

மீனுக்குக் காமாலை வருமா? எனக்கும் தெரியாது. ஆனால் அந்த நிறத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். முந்தின நாள் வரை சாம்பல் நிறத்தில், இருக்கிற இடம் தெரியாமல் ஒரு மூலையில் கிடந்தவள். காலையில் தொட்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினால்... நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள். கன்னத்தில் மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பார்வையில் ஒரு முறைப்பு.

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வீடு மலைமேல் காவலூரில், தையல் கடை கீழே ஆலங்காயத்தில் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குப் பழைய செய்தி. நான் பேசுகிறவன் இல்லை என்பதும் பழைய செய்திதான். சட்டைக்கு அளவெடுக்கும்போது 'கையைத் தூக்குங்க' என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். நானே என் கையைத் தூக்குவேன். எதிரில் இருப்பவர் தானாகத் தூக்கிவிடுவார். பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து வாரம் ஒருமுறை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

கடைக்கு அடிக்கடி வருகிறவர் வாணியம்பாடி அன்வர் பாய். தோல் வியாபாரம். ஆலங்காயம் பக்கம் வேலையாக வந்தால் என் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் நிறுத்தாமல் பேசுவார். நான் நிறுத்தாமல் தலையாட்டுவேன். இரண்டு பேர் சிநேகமாக இருக்க வேறென்ன வேண்டும்?

அவர் பேசுவதில் முக்கால்வாசி மீனைப் பற்றித்தான். வீட்டு மாடியில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார். அத்தனை மீனிலும் அவர் உயிரை வைத்திருப்பது ஒரே ஒரு ஜாதி மேல். சிக்லிட் என்று ஒரு பெரிய குடும்பம், அதில் குள்ள ஜாதி. முழுப் பெயர் மிக நீளம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என் நாக்குக்கு அது புரளாது. பாயும் சுருக்கமாக 'அபிஸ்டோ' என்றுதான் சொல்வார். ஆண், விரல் நீளம் இருக்கும். முதுகில் சேவல் கொண்டை மாதிரி நிமிர்ந்த துடுப்பு. வாலில் நெருப்பு நிறம். பெண் அதில் பாதிதான். நிறம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

பாய்க்கு இதில் ஒரு தீராத குறை.

"முட்டை வெக்குதுண்ணா. வெக்காம இல்ல. மறுநாள் பாத்தா சுண்ணாம்பு மாதிரி வெள்ள. ஒண்ணுகூட பொரிக்கல. நம்ம ஊரு தண்ணி உப்பு. கேன் தண்ணி ஊத்தியும் பாத்துட்டேன், ஆவல. எத்தினி வருஷமா பாக்கறேன் தெரியுமா? இதோட குஞ்ச நான் போன்லதான் பாத்திருக்கேன். என் கண்ணால பாத்ததே இல்ல."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். அப்போது நான் தலையாட்டுவதில்லை.

ஒரு நாள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து என் தையல் மிஷின் மேல் வைத்தார்.

"உங்க மலைத் தண்ணி பஞ்சு மாதிரி இருக்கும்ணா. இதுக்கு அதான் வேணும். எடுத்துக்கினு போங்க. குஞ்சு வந்தா பாதி எனக்கு, பாதி உங்களுக்கு."

எப்படி வளர்ப்பது என்றும் சொன்னார். காய்ந்த பாதாம் இலை போட வேண்டும், கொட்டாங்குச்சியில் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்து வைக்க வேண்டும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்... கடைசியில் கேட்டார்.

"முட்டை வெச்சா பொண்ணு எப்டி மாறும்னு தெரியுமில்ல?"

"தெரியும் பாய்" என்றேன்.

தெரியாது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் சொல்லும் பொய்களில் முக்கால்வாசி இந்த ஒரு சொல்தான். 'தெரியாது' என்றால் பேச்சு நீளும். 'தெரியும்' என்றால் அதோடு முடிந்துவிடும். உங்களில் எத்தனை பேர் இப்படி... சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்.

தொட்டி வீட்டுக்கு வந்தது. தரையிலேயே வைத்தேன். ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து நிரப்பினேன். எங்கள் ஊர்க் குளிருக்கு ஹீட்டர் மட்டும் போதவில்லை. அதனால் பழைய கம்பளியை வெட்டி, உள்ளே லைனிங் கொடுத்து, தொட்டியின் அளவுக்குக் கச்சிதமாக ஓர் உறை தைத்துப் போர்த்தினேன். முன்பக்கம் மட்டும் திரை மாதிரித் தூக்கிக்கொள்ளலாம்.

மல்லிகா அந்த உறையைத் தடவிப் பார்த்தாள்.

"தீபாவளிக்கு எடுத்த ஜாக்கெட் துணி இன்னும் பீரோவுல கீது. மீனுக்கு ஸ்வெட்டர் தெச்சாச்சு."

நான் உறையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

பாதாம் இலை ஊறி ஊறித் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. அதற்கும் அவள் சொன்னாள். "வூட்டுக்கு வர்றவங்க மொண்டு குடிச்சிடப் போறாங்க. பலகைல எழுதி வைங்க."

வாயால் சொல்வாளே தவிர, காலையில் அடுப்பைப் பற்ற வைத்ததும் அவள் முதலில் போய் நிற்பது தொட்டி முன்னால்தான். அதனால்தான் அன்று மஞ்சளை முதலில் பார்த்ததும் அவள்தான்.

"ஏங்க, இங்க வாங்க. இவளுக்கு இன்னாமோ ஆச்சு."

போய்ப் பார்த்தேன். நிறம் மட்டும் இல்லை, நடத்தையும் மாறியிருந்தது. அத்தனை பெரிய ஆண் மீன், வால் கிழிந்து, ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நின்றது. கொஞ்சம் தலையை நீட்டினால் போதும், இந்தப் பொடிசு பாய்ந்து போய்க் கடித்தது. கண்ணாடியில் நான் விரல் வைத்தால் என்னையும் கடிக்க வந்தது.

"எங்க சின்னப்பாவுக்கு இப்டித்தான் வந்துச்சி" என்றாள் மல்லிகா. "மொதல்ல மஞ்ச. அப்பறம் எரிச்சல். யார் கிட்ட போனாலும் வுழுந்து கடிச்சாரு. காமாலைதாங்க இது."

நோயாளியைத் தனியாக வைக்க வேண்டும் என்பது மனிதருக்கும் மீனுக்கும் பொது. வலையை விட்டுப் பிடித்தேன். லேசில் சிக்கவில்லை. கொட்டாங்குச்சிக்குள் ஓடுவாள், வெளியே வந்து வலையைக் கடிப்பாள், மறுபடி உள்ளே ஓடுவாள். எப்படியோ பிடித்து ஒரு வெள்ளை வாளியில் விட்டு, கல்லுப்பு ஒரு சிட்டிகை போட்டேன். மீன் வளர்ப்பவர்களின் முதலுதவி அதுதான்.

அதற்குள் மல்லிகா அவள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். தம்பி வேடியப்பன் நெல்லிவாசலில் இருக்கிறான். விவசாயம். அதோடு காமாலைக்கு மருந்து கொடுப்பான். அந்தப் பக்கத்தில் கண் மஞ்சளானால் எல்லோரும் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு, மஞ்சள் பை நிறையக் கீழாநெல்லியோடு, மூச்சு வாங்க வந்து இறங்கினான்.

"யாருக்குக்கா? மாமாவுக்கா?"

"இல்லடா. இவளுக்கு."

வாளியை எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி வாளியைப் பார்த்தான்.

"போன்ல 'வூட்ல ஒருத்திக்கு'ன்னு சொன்னியே."

"வூட்லதான கீறா?"

வந்தது வந்தாகிவிட்டது என்று வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வைத்தியன் வைத்தியன்தான்.

"கண்ணு மஞ்சளா கீதா?"

"உடம்பே மஞ்சளா கீது. கண்ண தனியா எங்க பாக்கறது?"

"ஒண்ணுக்கு மஞ்சளா போவுதா?"

"ஏன்டா, தண்ணிக்குள்ள கீறவ ஒண்ணுக்குப் போறத நான் எங்க போய்ப் பாப்பேன்?"

வேடியப்பன் தாடையைத் தடவினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"உப்பு போட்டீங்களா மாமா?"

"கொஞ்சம்."

"காமாலைக்கு உப்பு ஆவாது மாமா. மொதல்ல தண்ணிய மாத்துங்க."

மாற்றினேன். கீழாநெல்லியைக் கசக்கி ஒரே ஒரு சொட்டுச் சாறு விட்டான். வேண்டாம் என்று சொல்லலாம்... யார் சொல்வது? அடுத்து மீன் தீனி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

"எண்ணெ வாசன வருது. இத நிறுத்திடுங்க. பத்தியம் முக்கியம். லேசா, பச்சையா இன்னா திங்கும் இது?"

வீட்டுக்குப் பின்னால் பழைய மாட்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் தண்ணீர்ப் பூச்சி வளர்க்கிறேன். கடுகில் பாதி இருக்கும். புள்ளிபுள்ளியாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். எந்த மீனும் அதைப் பார்த்தால் விடாது. லைனிங் துணியில் தைத்த வலையால் ஒரு வாரு வாரி வாளியில் விட்டேன்.

அவள் தின்னவில்லை.

"காமாலைல பசி எடுக்காது" என்றான் வேடியப்பன், தன் முடிவு சரியென்று நிரூபணமான திருப்தியோடு.

மல்லிகா மட்டும் வாளியை விட்டு நகரவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அரிசி களைய வேண்டும், குழம்பு வைக்க வேண்டும்... எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

"ஏங்க, இதப் பாருங்க. தனியா ஓடறத ஓட்டிக்கினு வந்து ஒண்ணா சேக்கறா."

பார்த்தேன். உண்மைதான். பூச்சிகளெல்லாம் வாளியின் ஒரு பக்கமாகக் கூடியிருந்தன. இவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒன்று விலகித் துள்ளினால் போய் மூக்கால் தள்ளிக் கூட்டத்தில் சேர்த்தாள். அவளுக்குப் பிடித்த தீனி, வாய்க்கு எதிரிலேயே. ஒன்றைக்கூடத் தொடவில்லை. வேடியப்பன் கையை அருகில் கொண்டுபோனான். கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று துடுப்பை விரித்தாள்.

மல்லிகா நிமிர்ந்தாள்.

"இவளுக்குக் காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ எதையோ வுட்டுட்டு வந்துருக்கா."

எனக்கு அப்போதுதான் அந்தக் கொட்டாங்குச்சி ஞாபகம் வந்தது. வலைக்குத் தப்பி மறுபடி மறுபடி அதற்குள்ளேயே ஏன் ஓடினாள்? தப்பிக்கிறவள் வேறு மூலைக்கல்லவா ஓடுவாள்?

செல்போன் டார்ச்சை அதன் வாசலுக்கு நேராகப் பிடித்தேன். மல்லிகா கன்னத்தைத் தரையில் வைத்து, கீழிருந்து மேலே பார்த்தாள்.

"கூரைல கேவுரு ஒட்டி வெச்ச மாதிரி கீதுங்க."

முட்டை. கேழ்வரகு நிறத்தில், கேழ்வரகு அளவில், கொட்டாங்குச்சியின் உள்கூரை முழுக்க முட்டை. நடுநடுவே சில மட்டும் வெள்ளையாகியிருந்தன. தாய் பக்கத்தில் இருந்து துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தால்தான் அவை பிழைக்கும். அந்தத் தாயைத்தான் நான் காலையில் பிடித்து வாளியில் போட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் ஒரு நல்ல விஷயம். தொட்டியில் தனியாக விடப்பட்ட தகப்பன் அந்த முட்டைகளைத் தின்றிருக்கலாம். தின்னவில்லை. ஹீட்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. அவள் வீட்டில் இல்லாதபோதும் அவளுக்குப் பயந்து நிற்கிறான். ஆண்களைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் சொல்வதாக இல்லை.

"அப்ப நான் இன்னாத்துக்கு வந்தேன்?" என்றான் வேடியப்பன்.

"நீ பத்தியம் சொல்லலன்னா மாமா பூச்சி போட்டிருக்க மாட்டாரு. பூச்சி போடலன்னா நமக்குத் தெரிஞ்சிருக்காது. ஒக்காரு, சாப்ட்டுப் போ."

மருந்து தப்பினாலும் வைத்தியம் பலித்தது என்ற மகிழ்ச்சியில் அவன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

நான் பாய்க்குப் போன் செய்தேன். எனக்கு இது சாதாரணக் காரியம் இல்லை. மணி அடித்தால் எடுப்பேனே தவிர, நானாக யாருக்கும் அடித்ததில்லை. அது பாய்க்கும் தெரியும்.

"அண்ணா? நீங்களா போன் பண்ணீங்க? வூட்ல யாருக்கு இன்னா ஆச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். காமாலை என்றதும் சிரிக்க ஆரம்பித்தார். முட்டை என்றதும் சிரிப்பு நின்றது.

"இன்னா கலரு?"

"கேழ்வரகு மாதிரி."

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அண்ணா, நல்லா கேட்டுக்குங்க. அவள தொட்டில வுடாதீங்க. புடிச்சி வெளிய போட்டுட்டோம் இல்ல, மிரண்டு போயிருப்பா. திரும்பி வந்தா மொத்தத்தையும் தின்னுடுவா. கொட்டாங்குச்சியத் தனியா எடுத்து வெக்கணும். காத்து குழாய் வுடணும், பூசணம் புடிக்காம இருக்க நீல மருந்து ஒரு சொட்டு வுடணும். எல்லாம் நான் எடுத்துக்கினு வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"சரி பாய்" என்று சொல்லித் திரும்பினால்... மல்லிகா காலி வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவள எங்க?"

"வுட்டுட்டேன்."

"பாய் வுடவேணாம்னு..."

"அவருக்கு இன்னா தெரியும்? ஊரார் பூச்சியயே காவல் காக்கறா. சொந்த முட்டையவா திம்பா?"

இரண்டு பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம். அவள் நடுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். ஹீட்டர் பக்கம் ஒரு பார்வை. தகப்பன் இன்னும் ஒடுங்கிக்கொண்டான். பிறகு நேராகக் கொட்டாங்குச்சிக்குள் போனாள். வாசலில் வால் நுனி மட்டும் தெரிந்தது. விசிறிக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழும்போது பாய் வந்து சேர்ந்தார். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், அங்கிருந்து மலை பஸ். கையில் காற்று மோட்டார், பிளாஸ்டிக் பெட்டி, மருந்துப் புட்டி. செருப்பைக் கழற்றியதும் நேராகத் தொட்டிதான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"செவப்பா கீதுண்ணா" என்றார். அவ்வளவுதான். அந்த வாய் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அந்த அமைதி நீடிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கூரையிலிருந்து ஒரு முட்டையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"தின்றாண்ணா."

இன்னொன்று.

"அண்ணா, தின்றா. நான் சொன்னேன் இல்ல?" சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டார். அவள் வெளியே பாய்ந்து வந்து அவர் விரலைக் கடித்தாள். அந்த வாய்க்கு வலிக்கவா போகிறது? ஆனாலும் பாய் கையை எடுத்துவிட்டார்.

அந்த இடைவெளியில் மல்லிகா தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"கைய வுடாதீங்க பாய். அவளுக்குத் தெரியும்."

"அண்ணி, உங்களுக்குப் புரியல. எங்க வூட்ல வெள்ள முட்டையத்தான் பாத்துக்கினு கீறேன், இத்தினி வருஷமா. செவப்பா இன்னிக்குத்தான் பாக்கறேன். இதையும் தின்னுட்டான்னா நான் இன்னா பண்ணுவேன்? இன்னும் நாலு நிமிஷம் வுட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"பொட்டில போட்டு நீல மருந்து ஊத்துனா மட்டும் மிஞ்சுமா? தாய வுட மருந்து பெருசா?"

"பொட்டில பாதியாவது மிஞ்சும் அண்ணி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பாய் சொல்வதும் நியாயம். வருஷக்கணக்காக மீன் வளர்க்கிறவர், வருஷக்கணக்காகக் காத்திருக்கிறவர். மல்லிகா சொல்வதும் நியாயம். கடைசியில் யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் தலையாட்டுவது என் வழக்கம். ஆனால் இப்போது இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அதனால் டார்ச்சை வாங்கிக்கொண்டு, நானும் தரையில் படுத்து உள்ளே பார்த்தேன். அவள் இன்னொரு முட்டையைப் பிய்த்தாள். அது வெள்ளை. அதை ஒட்டியே இரண்டு சிவப்பு முட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் வாய் படவே இல்லை. அடுத்ததும் வெள்ளை. கடையில் கோணல் விழுந்த தையலை மட்டும் பிளேடால் பிரித்தெடுப்போம், துணியில் கீறல் விழாமல். அதே நிதானம்.

"வுட்டுடலாம் பாய்" என்றேன்.

"இன்னா சொன்னீங்க?" என்றார் பாய்.

"இன்னா சொன்னீங்க?" என்றாள் மல்லிகா.

நான் எதிர்த்துப் பேசி இரண்டு பேரும் கேட்டதில்லை. பேசுகிறவர்களுக்கு இது புரியாது... ஒரு முறை சொல்லிவிடலாம். அதையே இரண்டாம் முறை சொல்வதுதான் கஷ்டம்.

"கெட்டத மட்டும் எடுக்கறா. நல்லதத் தொடல. வுட்டுடலாம்."

பாய் என் கையிலிருந்த டார்ச்சை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடித்த கையை இறக்கி விட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரிண்ணா. நீங்க எங்க சொல்றீங்க?"

கடைசி பஸ் வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒரு சின்னப் புட்டியை மல்லிகா கையில் கொடுத்தார். குஞ்சுகளுக்கு முதல் சாப்பாடு. ஆர்ட்டீமியா என்று பெயர். பார்க்கக் காப்பித்தூள் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் அதிலிருந்து தூசி போலச் சின்னஞ்சிறு உயிர்கள் பொரிக்கும்.

"மீனுக்குக் குஞ்சு. அந்தக் குஞ்சுக்குத் திங்க இன்னொரு குஞ்சா?" என்றாள் மல்லிகா. "நல்லா கீது உங்க கத."

மறுநாள் பார்த்தோம். கூரையில் வெள்ளை ஒன்றுகூட இல்லை. எல்லாம் சிவப்பு. பாய் போன் செய்தார். "கீது" என்றேன். மத்தியானம் செய்தார். "கீது" என்றேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

அது கொஞ்ச நாள்கூட நிற்கவில்லை. ஒரு காலை உறையைத் தூக்கி டார்ச் அடித்தால்... கூரை காலி. ஒரு முட்டை இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் மட்டும் மஞ்சள் மாறாமல் தொட்டியின் மறு ஓரத்தில் மணலுக்கு மேல் நின்றாள்.

போன் அடித்தது. பாய். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. என்ன சொல்வது? 'வுட்டுடலாம்' என்று சொன்னது யார்? பேசுகிறவன் பத்துச் சொல் சொன்னால் அதில் ஒன்று தப்பிப் போகலாம், யாரும் கணக்கு வைக்க மாட்டார்கள். பேசாதவன் வருஷத்துக்கு ஒரு சொல் சொல்லி, அதுவும் தப்பாகிவிட்டால்?

கடைக்குக் கிளம்ப மனம் வரவில்லை. கொட்டாங்குச்சியை எடுத்துக் கழுவி வைத்துவிடலாம் என்று தொட்டிக்குள் கையை விட்டேன். அவள் மறு ஓரத்திலிருந்து பாய்ந்து வந்தாள் என்று நினைக்கிறீர்களா? வரவில்லை. இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. அங்கிருந்தே துடுப்பை விரித்து முறைத்தாள்.

மல்லிகா என் பின்னாலிருந்து அதைக் கவனித்துவிட்டாள்.

"அங்க இன்னா வெச்சிருக்கா?"

மணலில் விரல் நுனி அளவுக்கு ஒரு குழி. முன்பு இல்லாத குழி. அவளே வாயால் அள்ளிப் பறித்தது. அதற்குள் ஏதோ நடுங்கியது. மணல்தான் அசைகிறதோ என்று முதலில் நினைத்தேன். டார்ச்சை நெருக்கினேன்.

வால்கள்.

மயிரிழை போல, கூட்டமாக, நிற்காமல் துடித்துக்கொண்டிருந்த வால்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சின்ன மஞ்சள் மூட்டை. முட்டை பொரித்து, பொரித்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து புது வீட்டில் வைத்திருக்கிறாள். நான் காலி வீட்டைப் பார்த்துத் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன் மூன்றாம் முறை அடித்தது. எடுத்தேன்.

"இன்னாண்ணா எடுக்கல? போயிடுச்சா? சொல்லுங்கண்ணா, பரவால்ல. மனச தேத்திக்கினுதான் கீறேன்."

"குஞ்சு" என்றேன். வேறு சொல் வரவில்லை.

எதிர்முனையில் பாய் அழுதாரா சிரித்தாரா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே சத்தம்தான்.

கொஞ்ச நாளில் அந்த வால்கள் நீந்த ஆரம்பித்தன. அதை எப்படிச் சொல்வது? டிகாஷன் தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் விளக்கு போகிறது, அதைச் சுற்றி மூச்சுக்காற்றில் பறக்கிற தூசி போல ஒரு கூட்டம் போகிறது. அவள் நின்றால் நிற்கிறது. அவள் உடம்பை ஒரு வெட்டு வெட்டினால் மொத்தமும் தரையில் படிந்துவிடுகிறது. பின்தங்கிய பொடிசை வாயில் எடுத்துப்போய்க் கூட்டத்தில் துப்புகிறாள். தகப்பனுக்கும் இப்போது ஹீட்டருக்கு வெளியே வர அனுமதி கிடைத்திருக்கிறது. தூரமாக, மரியாதையாக நிற்கிறான்.

ஒன்று தோன்றுகிறது. நம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஒருவர் திடீரென்று நிறம் மாறி, கிட்டப் போனாலே சீறி விழுந்தால், உடனே அவருக்கு என்ன வியாதி என்று பார்க்கிறோம். மருந்தோடு வருகிறோம். பத்தியம் சொல்கிறோம். அவர் முதுகுக்குப் பின்னால் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்று குனிந்து பார்க்க நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

சரி, பாய்?

குஞ்சுகள் நீந்திய முதல் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். குஞ்சுகளை எடுத்துப்போக ஆக்சிஜன் கவர், ரப்பர் பேண்ட், மலைத் தண்ணீர் பிடித்துப்போகக் காலிக் கேன்... ஒன்று பாக்கி இல்லை. அவர் பங்குப் பாதியைப் பிடிக்க வலையையும் எடுத்துக் கொடுத்தேன். வலையைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். மல்லிகா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். அதுவும் ஆறிப்போனது.

பஸ் நேரத்துக்கு எழுந்து கவரை மடித்துப் பையில் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும்ணா. இப்பப் பிரிச்சா தாங்காதுங்க."

"போன வாரமும் இதத்தான சொன்னீங்க பாய்" என்று மல்லிகா அடுத்த ஞாயிறு கேட்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிறும் கேட்டாள்.

ஆகவே வாசகர்களே, ஞாயிற்றுக்கிழமை காவலூர் பஸ்ஸில், மடியில் காலிக் கவரோடு ஒருவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்... அவருக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் தள்ளி இடம் கொடுங்கள்.